ஹபீலாவின் புளியங்கொட்டைகள்

கொட்டாஞ்சேனையில் கிணற்றடித் தெரு பெரிய வீதியில் போய் முட்டுகிற மூலையில், கீழே தொப்பிக் கடையும் மேலே குடியிருப்புமாக ஒரு மாடிவீடு இருந்தது. மாடி ஜன்னலுக்கு மரப்பின்னல் அடைப்பு. உள்ளே இருப்பவருக்குத் தெருவெல்லாம் தெரியும். தெருவில் நிற்பவருக்கு உள்ளே இருப்பது ஆளா அலமாரியா என்றுகூடத் தெரியாது. அந்தப் பின்னலுக்குப் பின்னால், கலியாணமாகி வந்த நாள்முதல் பதினைந்து வருடமாக உட்கார்ந்திருந்தவள் ஹபீலா.

உடனே ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்ட வேண்டாம். அவளுக்கு அது பிடிக்காது. கொழும்பிலே தன்னைவிட அதிகம் உலகம் பார்த்தவர் யாருமில்லை என்பது அவளுடைய எண்ணம். அரிசியில் கல் பொறுக்குவதும் அங்கேதான், மகளுக்குத் தலை பின்னுவதும் அங்கேதான். மீன்காரன் வந்தால் கயிற்றில் கட்டிய கூடையை இறக்குவாள். சல்லி கூடையில் இறங்கும், மீன் கூடையில் ஏறும். மீன் நாறினால் அதே கூடையில் திரும்ப இறங்கும், கூடவே நாலு வார்த்தையும் இறங்கும். முகம் தெரியாத அந்தக் குரலுக்குப் பயந்து மீன்காரன் நல்ல பாரை மீனை அந்த மூலைக்கென்று ஒதுக்கி வைத்தான்.

அவளுக்கு ஒரு வித்தை கைவந்திருந்தது. நடையைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடுவாள். அந்தத் தெருவின் முஸ்லிம் பெண்கள் வெளியே இறங்கினால் உச்சிமுதல் கணுக்கால்வரை வெள்ளைத் துப்பட்டியால் மூடிக்கொண்டுதான் இறங்குவார்கள். பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் ஒரே வெள்ளை. ஹபீலாவுக்கு மட்டும் மூன்றாம் வீட்டு மருமகள் வேறு, ஏழாம் வீட்டு மருமகள் வேறு. பக்கத்து வீட்டு பீபி லாத்தா ஐம்பது வயதிலும் துள்ளித் துள்ளித்தான் நடப்பாள். அவள் வருவது துப்பட்டியே சிரிப்பதுபோல இருக்கும்.

கணவன் ஸாலிஹ் கீழே துருக்கித் தொப்பிகளைப் பித்தளை அச்சில் மாட்டி ஆவி பிடித்து நிமிர்த்துகிறவர். கொட்டாஞ்சேனையில் குஞ்சம் வைத்த தொப்பி நேராக நின்றால் அது ஸாலிஹின் கைவேலை என்பார்கள். நல்ல மனிதர். வாக்குத் தவறாதவர். அந்த வாக்கில்தான் இந்தக் கதையே தொங்குகிறது.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருடம். பட்டாளம் விற்றுவிட்டுப் போன லொறிகளை யார் யாரோ வாங்கித் துறைமுகத்துக்கும் மொத்தக் கடைகளுக்குமாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சண்டை முடிந்த சேதியை அந்தச் சாரதிகளுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது, அப்படி ஓட்டினார்கள். மகள் பஹ்மியா தெருவுக்குள்ளேயே இருந்த சின்னப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பை முடிக்கப்போகிறாள். ஆறாம் வகுப்பு வேண்டுமானால் பெரிய வீதியைக் கடந்து எதிர்ப்பக்கத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும்.

"வாணாம் புள்ள," என்றார் ஸாலிஹ் பெஞ்சாதியிடம். "போன கெழம ஒரு லொறி தயிர்க்காரன்ட வண்டிய இழுத்துட்டுப் போனத நீயும்தானே பாத்தா. பொலிஸ்காரன் கையக் காட்டி லொறிய நிப்பாட்டுற காலம் வரட்டும், அல்லாஹ் மேல ஆணையா நானே அனுப்புறன். அதுக்கு முந்தி ஒரு பேச்சும் வாணாம்."

அப்படியொரு காலம் தன் ஆயுளில் வராது என்ற தைரியத்தில் அவர் ஆணையிட்டார் என்று ஹபீலா பின்னாளில் சொல்வாள். அவரோ, கடைசிவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை.

ஆனால் அந்த ஒக்டோபரிலேயே சேதி வந்தது. அரசாங்கக் கந்தோர் ஒன்று பெரிய வீதியின் குறுக்கே பித்தளைக் குமிழ் பதித்து, ஒரு பொலிஸ்காரனையும் நிறுத்தி, சனம் கடக்க ஒரு கடவை போடப்போகிறதாம். ஒரேயொரு கடவை. கிணற்றடித் தெரு மூலையிலா, கிட்டங்கித் தெரு மூலையிலா என்பதுதான் கேள்வி. மூன்று நாள் ஆள் வைத்து எண்ணுவார்களாம், ஆண் வேறு பெண் வேறாக. எந்த மூலையில் பெண்களின் தொகை கூடுதலோ அந்த மூலைக்குக் கடவை.

ஹபீலா அன்று மீன் ஆணத்தில் இரண்டு தரம் உப்புப் போட்டாள்.

எண்ண வந்தவன் பூபாலசிங்கம். யாழ்ப்பாணத்துப் பையன், வெள்ளவத்தையில் தமக்கை வீட்டில் தங்கி, தற்காலிகக் கிளாக்கர் வேலை பார்க்கிறவன். இந்தக் கணக்கு ஒழுங்காக முடிந்தால் வேலை நிரந்தரமாகும். குடையும் மூக்குக்கண்ணாடியும் எண்ணெய் வைத்து வாரிய தலையுமாகக் காலை ஆறு மணிக்கே கடைக்கு எதிரில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தான். ஆண் போனால் கோடு, பெண் போனால் வட்டம். இதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். கஷ்டம் என்னவென்றால், பையன் பெண்களை நிமிர்ந்து பார்க்கமாட்டான். வளர்ப்பு அப்படி.

கோடுகள் மளமளவென்று ஏறின. பெண் யாராவது வருகிற சாயல் தெரிந்தால் தலை தானாகக் குனிந்துவிடும். நிமிரும்போது தெரு வெறுமையாக இருக்கும். ஒரு தரம் துணிந்து நிமிர்ந்தான். பெஞ்சாதியோடு வந்த பாண்காரன், "மல்லி, என்ன பார்வை அது?" என்று தம்பி முறை வைத்துச் சிங்களத்தில் அதட்டிவிட்டுப் போனான். பிறகு இரண்டு பேர் நின்று அவன் தாளை எட்டிப் பார்த்தார்கள். பெண்களைக் குறித்து வைக்கிற ஆளாம் என்று சேதி இறைச்சிக்கடைவரை போய்ச் சேர்ந்தது. பயந்துபோன பூபாலசிங்கம் யாரையும் பாராமல் வானத்தைப் பார்த்தான். வானத்துக்கு வழியில் ஹபீலாவின் ஜன்னல் இருந்தது.

"தம்பி," என்றது ஜன்னல்.

அவன் முக்காலியோடு அரையடி பின்னுக்குப் போனான்.

"பொம்புளகளுக்கு ஒம்பது வட்டம் போட்டீக்கிறீங்க. சுபஹுத் தொழுகைக்குப் பொறகு இதால நூத்திப் பன்னெண்டு பொம்புளகள் போயிட்டாங்க."

"ஆர் கதைக்கிறது?"

"தொப்பிக்கடைக்காரர்ட ஊடு. ஒங்கட கடதாசி இங்கேந்து நல்லாத் தெரியுது. அந்த ஒம்பதுலயும் ரெண்டு பேர் ஆம்புளகள். தலமுடிய கொண்டையாக் கட்டி, வளஞ்ச சீப்புக் குத்தின சிங்களப் பெரியவங்க. முதுகப் பாத்துட்டு வட்டம் போட்டுட்டீங்க."

பூபாலசிங்கம் தாளைப் பார்த்தான். அழுகை வருகிறாற்போல இருந்தது. "அக்கா, நான் என்ன செய்யிறது? நிமிந்து பாத்தால் அடிக்க வருகினம். குனிஞ்சு இருந்தால் வேலை போகும். நேற்று வெள்ளவத்தையில நெசவு மில் வாசலில விட்டவை. அங்க ஆறாயி எண்டு ஒரு மனுசி, 'ராசா, நான் உடம்பு பெருத்தவ, என்னைய ரெண்டாப் போட்டுக்க' எண்டு கன்னத்தைத் தட்டிப்போட்டுப் போகுது. நான் பென்சிலை வீசிப்போட்டு ஓடி வந்தனான்."

பின்னலுக்குப் பின்னால் ஹபீலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொத்தியும் கீழே கேட்டது. சிரித்து முடித்ததும் அவளுக்கு மகளின் நினைப்பு வந்தது. இந்தப் பையனை நம்பினால் பஹ்மியாவின் ஆறாம் வகுப்பு ஒன்பது வட்டத்தோடு முடிந்துபோகும்.

கூடை இறங்கியது. உள்ளே ஒரு கோப்பை தேத்தண்ணீரும் ஒரு தகரப் பேணியும் இருந்தன. பேணிக்குள் நூற்றுப் பன்னிரண்டு புளியங்கொட்டைகள்.

"ஆம்புளகள நீங்க பாருங்க. பொம்புளகள நான் பாக்குறன்," என்றது ஜன்னல். "மணிக்கு ஒருக்கா கூட வரும். கொட்டைய எண்ணி வட்டத்தப் போட்டுட்டு வெறும் பேணிய அனுப்புங்க. ஒரு பொம்புள ஒரு வேலயாப் போனா ஒரு கொட்ட. கூடவும் இல்ல, கொறயவும் இல்ல."

இப்படித்தான் அரசாங்கக் கணக்கு கூடையில் ஏறி இறங்கத் தொடங்கியது. பூபாலசிங்கத்துக்கு அன்று உயிர் வந்தது. பெண் வருகிற சாயல் தெரிந்தால் நிம்மதியாகக் குனிந்துகொள்வான். மேலே 'டிக்' என்று பேணியில் கொட்டை விழும். முதல் நாள் முடிவில் இருநூற்று ஐம்பத்தொன்று. இரண்டாம் நாள் இருநூற்று அறுபத்து மூன்று. அன்று மாலை தாளை மடித்தவன் போகாமல் நின்றான்.

"அக்கா, ஒண்டு சொல்லவேணும். கிட்டங்கித் தெருவில போன கிழமையே எண்ணி முடிச்சிட்டினம். மூண்டு நாளுக்கும் தொளாயிரத்து நாப்பத்தெட்டு. கொச்சிக்காய்க் கிட்டங்கிகளுக்கு வேலைக்கு வாற பெண்டுகள். நாங்கள் இன்னும் ஐநூற்றுப் பதினாலிலதான் நிக்கிறம்."

ஹபீலா விரல்விட்டு எண்ணினாள். நாளைக்கு ஒரு நாளில் நானூற்று முப்பத்தைந்து பெண்கள் நடக்கவேண்டும். எங்கே போவது? கிட்டங்கித் தெருவில் லொறி நின்றுதான் சாமான் ஏற்றும். பாய்ந்து ஓடுவது இந்த மூலையில்தான். ஓடுகிற இடத்தில் பெண்கள் நடப்பதில்லை. நடப்பதில்லை என்பதால் கடவையும் இல்லை. என்ன நியாயம் இது என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கோபத்தோடு புளி வாங்கப் பின்கட்டுக்குப் போய், மதிலில் இருந்த சின்னக் கதவைத் திறந்து பீபி லாத்தாவைக் கூப்பிட்டாள். கூப்பிட்ட வாய் அப்படியே நின்றது.

மதிற்கதவு. கிணற்றடித் தெரு வீடுகளும் பெரிய வீதி வரிசை வீடுகளும் முதுகோடு முதுகு ஒட்டிக் கிடந்தன. ஒவ்வொரு மதிலிலும் ஒரு சின்னக் கதவு. அந்தக் கதவுகளால் புகுந்து புகுந்து, தெருவை மிதிக்காமலே பெண்கள் ஐம்பது வீட்டுக்குப் போய்வந்தார்கள். பிள்ளைப்பேற்றுக்குப் போவதும் அதனால், உப்புக் கடன் கேட்பதும் அதனால். இத்தனை பேர் நாள் முழுக்க நடந்தும் அரசாங்கத்தின் கண்ணுக்கு ஒருத்திகூட நடக்கவில்லை.

"லாத்தா," என்றாள் ஹபீலா, "நாளக்கி மதில் கதவெல்லாம் பூட்டு. எல்லாரும் ரோட்டால, இந்த மூலயச் சுத்திப் போகச் செல்லுங்க. வழமையாப் போற ஊட்டுக்கு, வழமையாப் போற அளவு. ஒரு நட கூட வாணாம். அப்பறம் அது பொய்யாப் போகும்."

பீபி லாத்தாவிடம் ஒன்றைச் சொன்னால் பள்ளிவாசல் அறிவிப்புத் தேவையில்லை. மஃரிப் தொழுகைக்குள் ஐம்பது வீட்டுக்கும் தெரிந்தது.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்குக் கிணற்றடித் தெரு வெள்ளை வெளேரென்று ஆனது. முதலில் இரண்டு துப்பட்டிகள் தயங்கித் தயங்கி எட்டிப் பார்த்தன. பிறகு நாலு, பிறகு பத்து. கையில் கறிச்சட்டி, இடுப்பில் குழந்தை, மூடிய தட்டில் வட்டிலப்பம். பிறந்ததுமுதல் அந்தத் தெருவில் வாழ்ந்தவர்கள் சிலர் தங்கள் வீட்டு முகப்பையே அன்றுதான் வெளியே நின்று பார்த்தார்கள். "எங்கட கதவு பச்சயா?" என்று ஒருத்தி கேட்டு நின்றுவிட்டாள். சிரிப்பு ஒரு துப்பட்டியிலிருந்து அடுத்த துப்பட்டிக்குத் தொற்றியது. பேணியில் கொட்டைகள் மழைபோல விழுந்தன. பூபாலசிங்கம் குனிந்த தலை நிமிரவேயில்லை, கழுத்துப் பிடித்துக்கொண்டது.

பீபி லாத்தாவுக்கு மட்டும் ருசி கண்டுவிட்டது. உப்புக் கடன் வாங்கப் போனாள். அதைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். கொடுத்தது போதுமா என்று கேட்கப் போனாள். நாலாம் முறை ஒரு காரணமும் இல்லாமலே துள்ளிக்கொண்டு போனாள். ஹபீலா அவளுக்கு ஒரு கொட்டைக்கு மேல் போடவில்லை.

பின்னேரம் நாலு மணிக்கு நானூற்று ஐம்பத்தோராவது கொட்டை விழுந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் பெரிய கிளாக்கர் சிவபாதசுந்தரம் றிக்‌ஷாவில் வந்து இறங்கினார். கூடவே கந்தோர்ப் பியோன் சுடலைமுத்து.

பெரிய கிளாக்கர் தாளைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். "தம்பி, ஒரே நாளில இவ்வளவு கூடியிருக்கு. எல்லாம் ஒரே வெள்ளைச் சீலை. அஞ்சு பேர் சுத்திச் சுத்தி வந்தால் உமக்குத் தெரியுமோ? இவளும் அவளும் வேற ஆள் எண்டு எப்படிக் கண்டனீர்?"

பூபாலசிங்கத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. "நான் காணேல்லை ஐயா. நான் பெண்டுகளைப் பாக்கவேயில்லை. மேல இருக்கிற அக்காதான் எண்ணினவ." சொல்லிவிட்டுக் கூடையையும் காட்டினான்.

சிவபாதசுந்தரம் புளியங்கொட்டைகளை நெடுநேரம் பார்த்தார். "இந்தக் கடதாசியைக் கிழிக்கத்தான் வேணும்," என்றார்.

"கிழிக்காதீங்க," என்றது ஜன்னல். "எனக்கு ஒவ்வொரு ஆளும் தெரியும்."

"மேல மறைஞ்சிருந்து ஆரும் எதையும் சொல்லலாம் அம்மா. எண்ணினவர் முன்னுக்கு வந்து சொல்லவேணும்."

பெரிய கிளாக்கர் தாளை இரண்டாக மடித்தார். மேலே ஹபீலா மகளிடம் பேணியைக் கொடுத்து, "எண்ணிட்டு இரு," என்றாள். துப்பட்டியைப் போர்த்தினாள். படியிறங்கினாள். கடைக்குள் ஸாலிஹ் ஒரு தொப்பிக்கு ஆவி பிடித்துக்கொண்டிருந்தார். பெஞ்சாதி தன்னைக் கடந்து தெருவுக்குள் இறங்குவதைப் பார்த்தபடியே நின்றார். ஜாபிர் ஹாஜியாரின் புதுத் தொப்பி அச்சிலேயே கருகி மணத்தது.

அவள் நேராக முக்காலிக்கு எதிரில் போய் நின்றாள். "செல்லுங்க, என்ன பாக்கணும்?"

பெரிய கிளாக்கருக்கு ஒரு யோசனை வந்தது. பியோனின் காதில் எதையோ சொன்னார். சுடலைமுத்து எதிர்ப்பக்கத்து வண்ணான் கடைக்குள் போனான். பிறகு ஹபீலாவைத் தெருவைப் பார்க்கவிட்டு, "இனி வாறவையை ஆர் ஆர் எண்டு சொல்லுங்கோ," என்றார்.

துப்பட்டிகள் வந்தன. முன்பின் தெரியாத ஆண்களுக்கு முன்னால் பெண்களின் பெயரைச் சொல்வது வழக்கமில்லை. எனவே அவள் வீட்டைச் சொன்னாள். "மூணாம் ஊட்டு மருமகள். இது கிணத்துக்குப் பக்கத்து ஊட்டு மூத்த மகள், காலைல ரெண்டு தரம் போனவ, ரெண்டும் வேற வேற வேல, ரெண்டு கொட்ட. இது பக்கத்து ஊட்டு பெரியவங்க. அஞ்சாவது தரம் போறாங்க. ஒரு கொட்டதான் போட்டன்." கடைசித் துப்பட்டி, "அடியே, ஒன்டுதானா?" என்று ஆற்றாமையோடு நின்றது. தெரு சிரித்தது.

அதன் பின்னால் இன்னொரு வெள்ளை வந்தது. நல்ல மூடல், நல்ல அடக்கம், காலில் பெண்கள் செருப்பு. ஹபீலா ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"அது ஆம்புள."

பெரிய கிளாக்கர் திடுக்கிட்டார். "எப்படிச் சொல்லுறியள்? கால் பெரிசோ?"

"கால நான் பாக்கல்ல. எங்கட பொம்புளகள் ரோட்டுல எறங்கினா தண்ணிக் கான் ஓரமா, செவுரோட ஒட்டித்தான் நடப்பாங்க. மூலைல நின்டு லொறிச் சத்தம் கேக்குதான்டு பாத்துட்டுத்தான் அடுத்த கால வெப்பாங்க. இவர் வாப்பாட ரோடு மாதிரி நடுவால வாரார்."

வண்ணான் கடைச் சீலையை நீக்கிவிட்டுச் சுடலைமுத்து பல்லைக் காட்டினான். இந்த முறை தெரு சிரித்த சிரிப்புக்கு லொறிக்காரன் ஒருவனே வேகத்தைக் குறைத்துப் பார்த்தான். பெரிய கிளாக்கர் மட்டும் சிரிக்கவில்லை. தெருவின் ஓரத்தைப் பார்த்தார். சுவரோடு ஒட்டிப் போய்க்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தார். முப்பது வருடம் வீதிக்கணக்குப் பார்த்தவர், அதை அன்றுதான் பார்த்தார். மடித்த தாளை விரித்துக் கையெழுத்துப் போட்டு, "கொட்டைக்கணக்கு சரி," என்று கீழே எழுதினார்.

தொள்ளாயிரத்து அறுபத்தைந்து. பதினேழு பெண்களால் கிணற்றடித் தெரு வென்றது.

இரவு சோறு போடும்போது ஹபீலாவுக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. "நானும் ரோட்டுல நடந்தன்தானே. எனக்குக் கொட்ட போட்டியா?"

பஹ்மியா நாக்கைக் கடித்தாள். உம்மா தெருவில் நிற்பதைப் பார்த்து வாயைப் பிளந்ததில் பேணியையே மறந்துவிட்டாள். ஹபீலாவுக்குச் சிரிப்பும் வந்தது, மனசும் கொஞ்சம் நொந்தது. ஊரையெல்லாம் எண்ணினோம், நம்மை எண்ண ஒருவரும் இல்லை.

அடுத்த கிழமை நிரந்தர வேலைக் கடிதத்தோடு பூபாலசிங்கம் வெள்ளவத்தையிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து கூடையில் வைத்தான். போகுமுன் வானத்தைப் பார்த்துச் சொன்னான்: "அக்கா, கந்தோரில தொகை தொளாயிரத்து அறுபத்தாறு எண்டு போயிருக்கு. கடைசி வட்டம் நான் போட்டது. நான் நிமிந்து பாத்து எண்ணினது அந்த ஒண்டுதான்." சொன்ன வேகத்தில் குடையை மறந்துவிட்டு ஓடினான்.

தை மாதம் பித்தளைக் குமிழ்கள் பதித்தார்கள். பள்ளிக்கூடம் தொடங்கும் நாள். வாக்குத் தவறாத ஸாலிஹ் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, மகளைக் கூட்டிப்போகப் படியேறி வந்தார். வீட்டில் ஒருவரும் இல்லை. துப்பட்டி மாட்டுகிற ஆணி வெறுமையாக இருந்தது.

ஜன்னலுக்கு ஓடினார். பதினைந்து வருடத்தில் முதல்முறையாகப் பெஞ்சாதியின் இடத்தில் உட்கார்ந்து பின்னல் வழியாகப் பார்த்தார். கான் ஓரமாக வெள்ளைத் துப்பட்டிகள் போயின. இதில் எது ஹபீலா? இவளா, அவளா? அவருக்குத் தெரியவில்லை. அவள் தெருவில் நடந்து அவர் பார்த்தது ஒரே ஒரு நாள். அன்றைக்கும் பார்த்தது தொப்பி கருகுமட்டும்தான். சுவரோரமாக ஒவ்வொன்றாகத் தேடினார். ஓரத்தில் எவளும் ஒரு சின்னப் பிள்ளையின் கையைப் பிடித்திருக்கவில்லை.

அப்போது பொலிஸ்காரன் கையை உயர்த்தினான். இரண்டு லொறிகள் முனகிக்கொண்டு நின்றன. குமிழ்களுக்கிடையில், வீதியின் நட்டநடுவில், ஒரு வெள்ளைத் துப்பட்டியும் ஒரு சின்னத் துப்பட்டியும் அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. சின்னது ஒரு தரம் திரும்பி ஜன்னலைப் பார்த்தது. பெரியது திரும்பவில்லை.

ஸாலிஹ் பக்கத்தில் துழாவி, பழைய பேணியை எடுத்து, இரண்டு புளியங்கொட்டைகளை அதில் போட்டார்.